தருமபுரி, கிருஷ்ணகிரி வயல்களில் புதைந்திருப்பதைத் தேட: காந்தமானியா, மின்தடையா, ராடாரா?

கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 வரை செல்கிறது என்று 2022-இல் தமிழக அரசு அறிவித்த பின்னர், கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும் இப்பகுதிக் காடுகழனிகளின் அடியில் இன்னும் என்னென்ன இருக்கும் என்ற ஆவல் பலருக்கும் எழுந்துள்ளது. நிலத்தைத் தோண்டாமலே அதை அறிய மூன்று வழிகள் உள்ளன.

இரும்பு உருக்கிய உலைகளையும் கசடுக் குவியல்களையும் தேடுவோர், நிலத்தின் காந்த மாறுபாட்டைக் காந்தமானியால் அளக்கும் காந்த அளவாய்வையே முதலில் கையில் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சுமார் 580 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடான மண்ணிலுள்ள மேக்னடைட் துகள்கள், ஆறும்போது அன்றைய புவிக்காந்தத்தின் திசையைத் தமக்குள் பதித்துக்கொள்கின்றன. ஆகவே, உலை இடிந்து மண்மூடிப் போனாலும் அதன் தடம் காந்தமானிக்குத் தெரியும். கருவியை ஏந்தியபடி வரிசை வரிசையாக நடந்தால் போதும் என்பதால் பரந்த நிலத்தையும் விரைவில் முடித்துவிடலாம்.

ஆனால் நம் மாவட்டங்களில் இதற்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. நாம் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் புவிக்காந்தம் ஏறக்குறைய கிடைமட்டமாகவே செல்கிறது. அதனால் பொருளுக்கு நேர்மேலே ஒற்றை மேடாகத் தெரியவேண்டிய குறி வடக்கும் தெற்குமாகப் பிரிந்து தெரியும், வடக்கு தெற்காக ஓடும் சுவரோ ஏறத்தாழ மறைந்தே போகும். ஐரோப்பிய வரைபடங்களைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே எளிதில் ஏமாறுவார்கள். இதனுடன், பாறைகளை ஊடறுத்துச் சுவர்போல் செல்லும் டோலரைட் என்னும் கருநிறத் தீப்பாறைகளும், ஆழ்துளைக் கிணற்றின் இரும்புக் குழாயும், முள்கம்பி வேலியும் பழங்காலத் தடத்தைவிடப் பன்மடங்கு வலுவான குறிகளை எழுப்புகின்றன.

கல்வட்டங்களும், கற்பலகைகளால் அமைத்த ஈம அறைகளான கற்பதுக்கைகளும் உள்ள நிலத்தில் மின்தடை அளவாய்வே மேலானது. ஈரமண்ணைவிடக் கற்பலகை மின்னோட்டத்தைப் பெரிதும் தடுப்பதால், அறையின் எல்லை ஓரளவு தெளிவாகவே தெரியும். மின்முனைகளை ஒவ்வோர் இடமாக ஊன்றவேண்டியிருப்பதால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். கோடையில் காய்ந்து இறுகிய செம்மண்ணில் முனைகளுக்குச் சரியான தொடர்பு கிடைக்காது என்பதால், மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் இருக்கும் நாட்களே இதற்கு ஏற்றவை.

நிலத்துக்குள் ரேடியோ அலைகளைச் செலுத்தி அவை திரும்புவதைப் பிடிக்கும் ராடார் ஆழத்தைச் சொல்வதில் சிறந்தது என்றாலும், உழவு சால்கள் அதைத் தடுமாறச் செய்யும், ஈரக் களிமண் அதன் அலைகளை விழுங்கிவிடும்.

எனவே அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடைப்பட்ட நாட்களில் காந்தமானியால் முழு நிலத்தையும் பார்த்து, ஐயத்துக்குரிய இடங்களை நிலவியல் வரைபடத்திலுள்ள டோலரைட் கோடுகளோடு ஒப்பிட்டு, அவற்றோடு ஒத்துப்போவனவற்றை நீக்கி, எஞ்சியவற்றில் மட்டும் ராடாரை இழுத்தால், விவசாயியின் நிலத்தில் ஓரிரு குழிகளோடு வேலை முடியும்.