மூச்சு வாங்கும் பூனைக்குச் 'சளி' என்று சேலைன் ஏற்றும் கடை: யாழ்ப்பாணத்தில் பூனை வளர்ப்போர் கவனத்துக்கு

யாழ்ப்பாணத்தின் பிரதான வீதியொன்றில், செல்லப்பிராணிகளுக்கான உணவும் கூண்டும் குட்டிகளும் விற்கிற ஒரு கடை இருக்கிறது. பெயரைப் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது தன் வழியில் நடக்கட்டும். கடையின் பின்னறையில் வைத்தியமும் நடக்கிறது. வெள்ளைக் கோட்டு உண்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் உண்டு, மேசை நிறைய ஊசி மருந்து உண்டு. மிருக வைத்தியராகப் பதிவு பெற்றவர் ஒருவர்தான் அங்கே இல்லை. அது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

எங்கள் சூரன் ஏழு வயதுக் கடுவன் பூனை. சாப்பாடு குறைந்தது, மதிலேறுவதை விட்டான், கட்டிலுக்குக் கீழேயே கிடந்தான். படுக்கவும் மாட்டாமல், முன்னங்கால் முழங்கைகளை அகட்டி, கழுத்தை நீட்டிக் குந்தியிருந்தான். விலா இரண்டும் கொல்லன் துருத்திபோல ஏறி இறங்கின. இருமல் இல்லை, தும்மல் இல்லை, மூக்கும் காய்ந்தபடியே இருந்தது. அயலில் எல்லோரும் கைகாட்டியது அந்தக் கடையைத்தான்.

கடைக்காரர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்ததும் எடுத்ததும் ஒன்றாக இருந்தது. "நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது அக்கா, ஊசி போட்டால் சரி" என்றார். அடுத்த கேள்வி, வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள் என்பது. தங்கை கனடாவில் என்று அம்மா சொல்லிவிட்டார். அந்த நிமிடத்திலிருந்து ஊசி ஒன்றல்ல, 'கோர்ஸ்' ஆகிவிட்டது. சாப்பிடாததால் உடம்பு வற்றிவிட்டது என்று சேலைனும் சேர்ந்தது. ஒருவர் அவனை மல்லாத்திப் பிடிக்க, மற்றவர் ஏற்றினார். அவன் வாயைத் திறந்து மூச்சு விட்டதைப் பார்த்து, "பயத்தில் அப்படித்தான் செய்யும்" என்றார்கள்.

என்ன மருந்து என்று கேட்டேன். "பெயர் சொன்னால் உங்களுக்கு விளங்காது." போத்தலைக் காட்டுங்கள் என்றேன். காட்டிய சிறு போத்தலில் லேபிள் சுரண்டப்பட்டு, பசையின் வெள்ளைத் தடம் மட்டும் இருந்தது. பற்றுச்சீட்டு கேட்டால் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறதாம். கடைசி ஊசியுடன், ஆறு வாரத்துக்குப் பயமில்லை, இது நீண்ட நாள் வேலை செய்யும் மருந்து என்று பெருமையாகச் சொன்னார். அன்றிரவே சூரனின் நாக்கு நீலம் பாரிக்கத் தொடங்கியது.

விடிவதற்குள் ஓட்டோ பிடித்து, தெரிந்தவர் மூலம் பதிவு பெற்ற மிருக வைத்தியர் ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவர் அவனைப் புரட்டிப் புரட்டிச் சோதிக்கவில்லை. முதலில் பெட்டியோடு ஒட்சிசன் கொடுத்து, அவனை அப்படியே ஆற விட்டார். மூச்சு முட்டுகிற பூனையைப் பிடித்து அமுக்கினால் அந்தப் போராட்டத்திலேயே உயிர் போய்விடக்கூடும் என்றார். கொஞ்சம் தெளிந்த பிறகு, நெஞ்சறையில் ஊசி செலுத்தி நீரை உறிஞ்சி எடுத்தார். வைக்கோல் நிறத்தில் கிண்ணம் நிறைய வந்தது. சளி ஒரு சொட்டும் இல்லை. எக்ஸ்ரேயில் இதயம் பெருத்திருந்தது. தேறிய பிறகு பேராதனை மிருக வைத்தியசாலையில் எடுத்த ஸ்கேன் மிச்சத்தைச் சொன்னது: இதயத் தசை தடித்திருந்தது.

பூனைகளுக்கு வரும் இதய நோய்களில் மிக அதிகம் காணப்படுவது இதயத் தசை தடிப்பது. சுவர் தடித்தால் உள்ளறை சுருங்குகிறது, இரத்தம் நிறைய இடமில்லை. பின்னுக்குத் தேங்கிய அழுத்தம் நுரையீரலுக்குள் அல்லது அதைச் சுற்றி நீராகக் கசிகிறது. நாய்க்கு இதயம் பழுதானால் இருமல் வரலாம், பூனை அநேகமாக இருமாது. ஸ்டெதஸ்கோப்பில் இரைச்சல் கேட்காமலே நோய் முற்றியிருக்கவும் கூடும். ஆகவே வெளியே தெளிவாகத் தெரிவது பெரும்பாலும் மூச்சு மட்டுமே.

இப்படி நீர் தேங்கித் தவிக்கும் உடம்புக்குள் மேலும் நீரை ஏற்றுவதுதான் சேலைன். நீண்ட நாள் நிற்கும் ஸ்டீரொயிட் ஊசியும் இரத்தத்தின் நீர்க்கொள்ளளவைக் கூட்டி, மறைந்திருந்த இதய நோயைச் செயலிழப்பு வரை தள்ளிவிடக்கூடும். சூரனுக்குப் போட்டது ஸ்டீரொயிட்தானா? வைத்தியர் திரும்பத் திரும்பக் கேட்டதும் அதைத்தான். பதில் சுரண்டிய லேபிளோடு போய்விட்டது. நோய் அந்தக் கடையில் தொற்றியதல்ல, அதை நான் சொல்லவும் மாட்டேன். என் கோபம், என்ன ஏற்றினோம் என்பதை உயிருக்குப் போராடும் நேரத்தில்கூடச் சொல்ல மறுத்ததில். தொலைபேசியில் கேட்டபோது கடைக்காரர், "வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் நாங்கள் பொறுப்பில்லை" என்று வைத்துவிட்டார்.

இப்போது அவனுக்கு நீர் இறக்கும் ஃபுரோசமைட் நாள்தோறும் போகிறது. இரத்தம் கட்டாமல் இருக்க குளோபிடோகிரெல், 75 மில்லிகிராம் குளிசையில் கால்வாசி. இரண்டும் மனிதர்களுக்கான மருந்தகத்திலேயே கிடைக்கின்றன. அதற்காக இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக வாங்கிக் கொடுக்க வேண்டாம், அளவு பூனைக்குப் பூனை மாறும். குளோபிடோகிரெல் படு கசப்பு. நாக்கில் பட்டால் நுரை தள்ளி, மேசைக்கு அடியில் போய் ஒரு மணி நேரம் முறைப்பான். வெற்றுக் கப்சூலுக்குள் போட்டுக் கொடுத்தால் சண்டை பாதியாகிறது. ஃபுரோசமைட் கொடுக்கும்போது கட்டிலை நனைக்கிறதே என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைக்கக் கூடாது. சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் இடையிடையே இரத்தத்தில் பார்க்க வேண்டும். கருவாட்டுக்கு வீட்டில் தடை. உப்புதான் காரணம், அம்மாவுக்குத்தான் அது பெரிய இழப்பு.

பூனை வைத்திருப்பவர்கள் செலவில்லாமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. அது நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும். தூக்கத்திலும் தொடர்ந்து 30ஐத் தாண்டினால் வைத்தியரை அழையுங்கள். 40ஐத் தாண்டினால், அல்லது வாய் திறந்து மூச்சு விட்டால், விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். பின்னங்கால்கள் திடீரென இழுபட்டு, பாதம் சில்லிட்டு, பூனை கதறினால் அது பெரும்பாலும் விழுந்ததாலோ வாகனம் தட்டியதாலோ அல்ல. இதயத்தில் உருவான இரத்தக் கட்டி போய் அடைத்திருக்கலாம், அதுவும் அவசரமே.

அதே கடையில் ஊசி போட்டவர்கள் பலர் இருக்கிறீர்கள் என்று தெரியும். போத்தலின் படமோ, கையால் எழுதிய துண்டோ, காசு அனுப்பிய வங்கிப் பதிவோ எது இருந்தாலும் எனக்கு அனுப்புங்கள், முறைப்பாட்டோடு சேர்க்கிறேன். முறைப்பாடு போனது தெரிந்ததும் கடைக்காரர் ஆளனுப்பி, சேலைனுக்கு வாங்கிய காசைத் திருப்பித் தரலாம் என்றார். என்ன சேலைன், எவ்வளவு, எந்த மருந்தோடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள், காசு உங்களிடமே இருக்கட்டும் என்றேன். வந்தவர் தேநீரையும் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.