லைஃப்ரே கிளஸ்டர்: இரண்டு சர்வரும் நலம், பக்கம்தான் வேறு வேறு

வேறு நிறுவனத்தில் வேலை பார்க்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "லைஃப்ரே போர்ட்டலை ரெண்டு நோடாப் போடலாம்னு இருக்கோம். உங்களுக்கு எப்படிப் போகுது?" லைஃப்ரே என்பது நிறுவனங்கள் போர்ட்டல் கட்டப் பயன்படுத்தும் மென்பொருள். நோட் என்றால் அதை ஓட்டும் ஒரு சர்வர், பல நோடுகள் சேர்ந்தால் கிளஸ்டர். கேட்ட நேரம்தான் சரியில்லை. நெட்வொர்க் சுவிட்ச் மாற்றியதில் வந்த தொல்லையை அப்போதுதான் முடித்துவிட்டு நிமிர்ந்திருந்தேன். அதனால் இதில் எரிச்சல் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

எங்களுடையது ஊழியர்களுக்கான உள் போர்ட்டல். முன்னால் வருகிறவர்களை இரண்டு நோடுக்கும் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர், பின்னால் லைஃப்ரே ஓடும் இரண்டு டாம்கேட் சர்வர், பொதுவாக ஒரு டேட்டாபேஸ், கோப்புகளுக்கு என்எஃப்எஸ், தேடலுக்குத் தனியாக எலாஸ்டிக்சர்ச். வழக்கமான அமைப்புதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மனசு வராது. பேட்ச் (மென்பொருள் திருத்தம்) போடுவதற்காக ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கண்விழித்த காலம் போய்விட்டது. ஒரு நோடுக்குப் புது ஆட்களை அனுப்பாதே என்று லோட் பேலன்சரில் சொல்லிவிட்டு, இருப்பவர்கள் வெளியேறியதும் நிறுத்தி, பேட்ச் போட்டு, திரும்ப ஏற்றிவிடலாம். வேலை நாளில், மத்தியானத்தில், யாருக்கும் மெயில் அனுப்பாமல். ஒருமுறை ஒரு நோட் ஓடிக்கொண்டிருந்த ஹோஸ்ட் மொத்தமாகப் படுத்துவிட்டது. பாதி படிவம் நிரப்பிக்கொண்டிருந்த சிலர் மட்டும் மறுபடி லாகின் செய்தார்கள், அவ்வளவுதான். சர்வர் செத்தால் இந்த அமைப்பு நம்மைக் காப்பாற்றுகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிரச்சினை, இரண்டு சர்வரும் உயிரோடு இருக்கும்போது வருகிறது.

மனிதவளத் துறையிலிருந்து போன் வரும். "சார், விடுமுறைப் பட்டியலைக் காலையிலேயே மாத்திட்டேன். எனக்குப் புதுசு தெரியுது, மூணாவது மாடியில எல்லாருக்கும் பழசுதான் தெரியுது." லைஃப்ரே தன் கேஷை, அதாவது வேகத்துக்காக எடுத்து வைக்கும் நகல்களை, ஒவ்வொரு நோடின் நினைவகத்திலும் தனித்தனியாக வைத்திருக்கும். ஒன்றில் ஒரு பக்கம் மாறினால், "உன்னிடம் இருக்கும் நகலைத் தூக்கிப் போடு" என்று மற்றதுக்குச் செய்தி போக வேண்டும். போகவில்லை என்றால் மற்றது பழைய நகலையே காட்டிக்கொண்டிருக்கும். பிழைச் செய்தி எதுவும் திரையில் வராது. லோட் பேலன்சரின் ஹெல்த் செக் முகப்புப் பக்கத்தைத்தான் தட்டிப் பார்க்கிறது. இரண்டிலிருந்தும் 200, அதாவது "சரி" என்ற பதில், வருகிறது, டாஷ்போர்டில் எல்லாம் பச்சை.

இதில் இன்னொரு கூத்து உண்டு. உதவி மையத்தில் வழக்கம்போல "பிரவுசர் கேஷை, குக்கியை எல்லாம் அழித்துவிட்டுப் பாருங்கள்" என்பார்கள். குக்கி போனால், ஒருவரை ஒரே நோடில் பிடித்து வைக்கும் ஸ்டிக்கி செஷனும் போகும். லோட் பேலன்சர் அவரை அடுத்த நோடுக்கு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு, அங்கே புதுப் பக்கம் இருக்கும். உடனே "பிரவுசர் பிரச்சினை, தீர்ந்தது" என்று டிக்கெட்டை மூடிவிடுவார்கள். இப்படி மூடப்பட்ட டிக்கெட்டுகளைத் தோண்டித்தான் இந்த முறை விஷயமே பிடிபட்டது.

சர்வர் நிர்வாகப் பக்கத்தில் கிளஸ்டர் முழுக்கக் கேஷை அழிக்க ஒரு பட்டன் இருக்கிறது. அந்தக் கட்டளையும் நோடுகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் அதே கிளஸ்டர் லிங்க் வழியாகத்தான் போக வேண்டும். லிங்க் அறுந்திருக்கும்போது அதை அழுத்தி என்ன பயன்?

சரி, லிங்க் ஏன் அறுந்தது? கிளஸ்டர் லிங்க்கை இயக்கினால், அடியில் செய்தி கடத்தும் ஜேகுரூப்ஸ் என்ற நூலகம் இயல்பாக யுடிபி மல்டிகாஸ்டில், அதாவது ஒரு குழுவுக்கே மொத்தமாக அனுப்பும் முறையில் பேசும், 239.255.0.1 மாதிரி முகவரிகளில். புது சுவிட்சில், குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து அவர்களுக்கு மட்டும் அனுப்பும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் போட்டிருந்தார்கள், அவ்வப்போது கேட்டு உறுதி செய்யும் குவெரியர் போடவில்லை. நோட் எழும்போது "நான் இந்தக் குழுவில் இருக்கிறேன்" என்று சொல்லும், சுவிட்ச் குறித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு "இன்னும் இருக்கிறாயா?" என்று கேட்க ஆளில்லாததால், வழக்கமான 260 விநாடி முடிந்ததும் பெயரை அடித்துவிடும். ஆகவே ரீஸ்டார்ட் செய்து சோதித்தால் எல்லாம் அருமை. நான்கைந்து நிமிடம் கழித்து இரண்டு நோடும் தனித்தனி உலகம். "நாங்கள் செக் பண்ணினோம், ஓகேதான்" என்று நெட்வொர்க் ஆட்கள் சொன்னதில் பொய்யில்லை. அவர்கள் நான்கு நிமிடத்துக்குள் செக் பண்ணிவிட்டார்கள்.

கடைசியில் மல்டிகாஸ்டையே கைவிட்டு, நோடுக்கு நோட் நேரடியாக இணைப்புப் போட்டுப் பேசும் டிசிபிக்கு மாறினோம். கன்ட்ரோல், டிரான்ஸ்போர்ட் என்று இரண்டு சேனல், ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்ட் (இணைப்பு எண்). 7800-ஐத் திறந்துவிட்டு 7801-ஐ மறந்தால் பாதிக் கிணறுதான். இன்னொன்று: எந்த நெட்வொர்க் இடைமுகத்தில் உட்காருவது என்று கண்டுபிடிக்க லைஃப்ரே இயல்பாக கூகுளின் 80-ஆம் போர்ட்டைத் தொட்டுப் பார்க்கும். இணையமே இல்லாத உள் நெட்வொர்க்கில் அது எங்கே போய்த் தொடும்? அங்கே டேட்டாபேஸ் சர்வரின் முகவரியைக் கொடுத்துவிட வேண்டும். ஆவணத்தில் எல்லாம் எழுதித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. 2016-இல் வந்த லைஃப்ரே 7.0-இன் இலவசச் சமூகப் பதிப்பில் கிளஸ்டர் வசதியையே எடுத்துவிட்டு, அடுத்த வருடம் திருப்பிக் கொடுத்தவர்கள் இவர்கள். இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

எதிர்பாராத சந்தோஷமும் ஒன்று கிடைத்தது. பக்கத்தின் அடியில் அது எந்த நோடிலிருந்து வந்தது என்று காட்டும் ஒரு செட்டிங், இயல்பில் அணைந்திருக்கும். அதைப் போட்டுவிட்டேன். இப்போது போன் செய்கிறவர்களிடம் "கடைசி வரியைப் படிங்க" என்றால் போதும். அடுத்த விடுமுறைப் பட்டியல் மாறியபோது மனிதவளத் துறை அம்மாவே, "நான் ரெண்டாவது நோடுல இருக்கேன் சார், எனக்கும் சரியா வருது" என்று கூப்பிட்டுச் சொன்னார்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். எங்கள் இடத்தில் ஒற்றை சர்வருக்குத் திரும்பிப் போகவும் மாட்டேன். ஆனால் நண்பருக்கு எழுதிய பதில்: வேண்டாம். அவர்கள் போர்ட்டல் ராத்திரி அரை மணி நேரம் நின்றால் அழ ஆளில்லை. டேட்டாபேஸ் ஒன்றே ஒன்றுதான், அது படுத்தால் இரண்டு நோட் இருந்து என்ன லாபம்? ஒரு நல்ல சர்வர், திரும்ப எடுத்துப் பார்த்து உறுதி செய்த பேக்கப், இது போதும். அப்படியும் போடத்தான் போகிறார், எனக்குத் தெரியும். அப்படியானால் முதல் நாளே டிசிபியில் போடட்டும். 7800, 7801 இரண்டுக்கும் ஒரே டிக்கெட்டில் அனுமதி கேட்கட்டும். தனித்தனியாகக் கேட்டால் இரண்டாவது வர இன்னொரு வாரம் ஆகும்.