கிராப் கேக்: தவாவா, ஓவனா?

அமெரிக்காவோட மேரிலாண்ட் ஸ்டைல் கிராப் கேக்குக்கு (நண்டு சதைய வடை மாதிரி தட்டி வேக வைக்கிறது) கலவை எதுல வேக வெச்சாலும் ஒண்ணுதான், அரை கிலோ நண்டு சதைக்கு ஒரு முட்டை, கொஞ்சம் மயோனைஸ், கடுகு பேஸ்ட், 1939ல பால்டிமோர்ல பொறந்த ஓல்ட் பே மசாலா, ஒரு கைப்பிடி உப்பு பிஸ்கட் தூள், அவ்ளோதான், தூள் ஜாஸ்தியாச்சுன்னா பிஸ்கட்டதான் திம்பீங்க, நண்ட இல்ல.

மொறுமொறுன்னு வேணும்னா தவாதான், சந்தேகமே இல்ல. மிதமான தீ, வெண்ணெயோட கொஞ்சம் எண்ணெய் (வெறும் வெண்ணெய்னா கருகிடும்), பக்கத்துக்கு 4 நிமிஷம், ஓரம் பொன்னிறமாகி தானா தவாவ விட்டு வரும்போதுதான் திருப்பணும். நான் முதல் தடவ அவசரப்பட்டு கரண்டிய விட்டேன், மொத்தமும் உடைஞ்சு நண்டு பொடிமாஸ்! அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைக்காம அடுப்புப் பக்கமே கொண்டு போறதில்ல.

ஓவன்ல திருப்புற வேலையே இல்ல, 230 டிகிரி செல்சியஸ்ல 12-14 நிமிஷம், பெரிய சதைத்துண்டெல்லாம் உடையாம ஜூஸியா இருக்கும், பத்து பேர் வந்தாலும் ஒரே ட்ரேல முடிஞ்சிடும். ஆனா மேலதான் நிறம் வரும், அடி சாஃப்டாவே இருக்கும். கடைசில மேல் சூட்டுல ஒரு நிமிஷம் விட்டா கொஞ்சம் மொறுமொறுப்பு வரும்தான், தவா ஓரம் அளவுக்கு வராது.