நாற்பது வாழைக்கன்றும் ஒரு ஒன்பது மாத வாக்கும்

2022 ஒக்டோபர் நடுப்பகுதியில், பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் இருக்கும் ஒரு நாற்றுமேடையில் நாற்பது இழைய வளர்ப்பு வாழைக்கன்று, அதாவது ஆய்வுகூடத்தில் பெருக்கிய கன்று, வாங்கினேன். கன்று 180 ரூபா. கேவண்டிஷ் இனம். விசுவமடுவில் எங்கள் வளவுக்குப் பின்னால் கிடந்த அரை ஏக்கரில் நட்டேன். இரண்டு வெட்டு முடிந்துவிட்டது. வாங்கலாமா, அந்தக் கன்று நல்லதா என்று ஊரில் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், ஆளுக்கு ஆள் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. நல்லதும் சொல்லப்போகிறேன், குறையும் சொல்லப்போகிறேன்.

நான் போன நேரம் கடையில் இருந்தது இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன். நிழல்வலைக்குக் கீழே கறுப்புப் பொலித்தீன் பைகளில் கன்றுகள் வரிசையாக நின்றன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். ஐந்து இலை. தண்டு என் சின்னவிரல் தடிப்பு. இலையில் இரத்தம் தெறித்த மாதிரிச் சிவப்புத் திட்டுகள். பக்கத்தில் நின்ற ஒருவர் "இது நோய் பிடிச்ச கண்டு" என்று சொல்லிப் பையை வைத்துவிட்டுப் போய்விட்டார். பையன் பதறவில்லை. "இல்லை ஐயா, இந்த இனத்துக்குச் சின்னனில அப்பிடித்தான் இருக்கும், பெரிசாக மறைஞ்சிடும்" என்றான். உண்மை. அந்த ஒரு பதிலுக்காகவே எனக்குக் கடையில் நம்பிக்கை வந்தது. ஏனென்றால் அந்தச் சிவப்புத் திட்டை நான் முதன்முதலில் பார்த்தது இங்கே இல்லை, லண்டன் ஹாரோவில்.

அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தக் கன்றை மதிப்பிட எனக்குத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். 2009இல் அங்கே ஒரு தோட்டக்கடையில் பன்னிரண்டு பவுண் கொடுத்துக் குள்ளக் கேவண்டிஷ் ஒன்று வாங்கினேன். மனைவி "உங்களுக்கு விசர், பழம் நாலு ஒரு பவுணுக்கு விக்கிறான்" என்றா. சமையலறை யன்னலடியில் வைத்தேன். ஆனியில் வெளியே, புரட்டாதி முடிய உள்ளே. வெயில் காலத்தில் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு இலை விரியும். குளிர் தொடங்கினால் சுருளோடு அப்படியே நிற்கும், இரண்டு மாதத்துக்கு ஒரு இலை வந்தால் பெரிய காரியம். பதினைந்து பாகைக்குக் கீழே போனால் வாழை உயிரோடிருக்கும், ஆனால் வளராது. மூன்றாம் வருடம் ஒரு இரவு வெளியே மறந்துபோய் விட்டுவிட்டேன். உறைபனி. காலையில் போய்ப் பார்த்தால் அவித்த கீரை மாதிரி தொங்கியது. தண்டும் போய்விட்டது. கிழங்கு மட்டும் தப்பி, அடியில் இருந்து புதுக் குட்டி வந்தது. இலைக் கணக்கு மறுபடி ஒன்றில் இருந்து.

இலைக் கணக்குத்தான் முழு விஷயமும். வாழை பூக்கிறது நாள் பார்த்தோ, பகல் நீளத்தைப் பார்த்தோ அல்ல. கேவண்டிஷ் என்றால் முப்பது, நாற்பது இலை விட்ட பிறகு, மண்ணுக்குள் கிழங்கின் நுனியில் இலை உண்டாவது நின்று பூ உண்டாகிறது. நாங்கள் தண்டு என்று சொல்வது இலை மடல்களின் சுருள். அதன் நடுவால் பொத்தி ஏறி வர வேண்டும். எங்கள் விசுவமடுவில் வாரத்துக்கொரு இலை விரியும்போது அது ஒன்பது மாதம். ஹாரோவில் அது எனக்கு ஐந்து வருடம்.

2014 புரட்டாதியில், மச்சானின் வீட்டுப் பின்பக்கக் கண்ணாடி அறையில் அது பூத்தது. சரியாகச் சொன்னால் பூக்க வெளிக்கிட்டது. அப்போது குளிர் தொடங்கிவிட்டது. உச்சியில் இலைக்காம்புகள் நெருங்கி இறுகி, பொத்தி வெளியே வர வழியில்லாமல் தொண்டையில் சிக்கி, கடைசியில் பக்கவாட்டில் தண்டைப் பிளந்துகொண்டு எட்டிப் பார்த்தது. மூன்று சீப்பு, விரல் அளவு காய். தையில் வெட்டிப் பால்கறி வைத்தோம். அதை நாங்கள் எட்டுப் பேர் சாப்பிட்டோம் என்று மச்சான் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இன்னொன்று. கேவண்டிஷ் என்ற பெயரே அந்தக் குளிர்தேசத்தில் வைத்ததுதான். ஒரு பிரபுவின் சற்ஸ்வேர்த் என்ற மாளிகையில் யோசப் பாக்ஸ்டன் என்ற தோட்டக்காரர் சூடேற்றிய கண்ணாடி வீட்டில் அதை வளர்த்து 1835 நவம்பரில் பூக்க வைத்தார். அடுத்த வருடம் அந்தப் பழம் கண்காட்சியில் பதக்கம் வாங்கியது. கேவண்டிஷ் அந்தப் பிரபுவின் குடும்பப் பெயர். நிலக்கரி எரித்து வளர்த்தார்கள். என்னிடம் இருந்தது ஒரு சின்ன மின்சூடாக்கி, அதுவும் மின்கட்டணத்தைப் பார்த்து மனைவி நிற்பாட்டியது.

சரி, கடைக்கு வருவோம். பையன் கன்றுகளை நல்லாய்க் கட்டித் தந்தான். லாண்ட்மாஸ்ரர் (இருசில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஈரச்சாக்குப் போட்டுக் கொண்டுவந்தோம். ஒரு வாரத்தில் மூன்று செத்தது. மூன்றும் நாலு இலைக் கன்று, வேர் பை ஓரத்துக்கு வந்து சேரவில்லை. கொண்டுபோய்க் காட்டினேன், ஒரு கேள்வியும் கேட்காமல் மாற்றுக் கன்று தந்தார்கள். அதற்கு முழுப் புள்ளி. வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பையின் அடித்துளையால் வெள்ளை வேர் தெரிகிறதா என்று பாருங்கள், ஆறு இலைக்குக் குறைந்ததை எடுக்காதீர்கள். நிழல்வலைக்கு நடுவில் நின்ற கன்று வேண்டாம், வெயில் படும் ஓரத்தில் நின்றதை எடுங்கள். ஆய்வுகூடத்துக் குழந்தை அது, வெயிலைப் பழகாமல் வந்தால் இரண்டு நாளில் இலை வெளுத்துச் சுருளும்.

நட்டு இரண்டு மாதம் ஆக மழையோடு ஒரு குளிர் வந்தது. 2022 மார்கழி, மாண்டஸ் புயல் நேரம். வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் குளிரில் விறைத்துச் செத்தது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு பசு. ஆச்சி கம்பளியைச் சுற்றிக்கொண்டு அடுப்படியை விட்டு எழும்பவில்லை. நான் காலையில் வாழைக்குள் போய் நின்றேன். சுருள் இலை ஒன்றில் பேனையால் கோடு போட்டிருந்தேன், அது அந்த வாரம் அரை அங்குலம்கூட நகரவில்லை. ஹாரோ யன்னலடியில் பார்த்த அதே நிற்பு. மச்சானுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "வன்னியிலயுமா?" என்று எழுதினார். அடுத்த வாரம் வெயில் வந்தது, இலையும் வந்தது.

பசளை விஷயத்தில் கடை சொன்னதை நான் செய்யவில்லை. செய்ய முடியவில்லை என்பதுதான் சரி. யூரியா விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்த காலம் அது. மாட்டெருவும் சாம்பலும்தான் போட்டேன். கிடங்கு இரண்டடி, எட்டடிக்கு எட்டடி இடைவெளி. சித்திரைக்குப் பிறகு மூன்று நாளுக்கு ஒரு தடவை கிணற்றுத் தண்ணீர். எங்கள் பக்கம் எழுபதுகளில் மிளகாய் வைத்துப் பேர் வாங்கிய மண், வாழையும் பிடித்துக்கொண்டது.

கடையின் மேல் எனக்கு இரண்டு குறை உண்டு. முதலாவது, ஒரு கன்று இனம் மாறி நின்றது. இலை தடித்து, ஒடுங்கி, விளிம்பு நெளிந்து, றப்பர் மாதிரி. ஆய்வுகூடத்தில் ஒரே நுனியில் இருந்து திரும்பத் திரும்பப் பெருக்கும்போது இப்படி ஒன்றிரண்டு கோணலாகும். அதை நாற்றுமேடையிலேயே கழித்திருக்க வேண்டும். ஆறாம் மாதம் போய்க் கேட்டால், "அது உங்கட மண் ஐயா" என்றார் முதலாளி. முப்பத்தொன்பது கன்றுக்கு நல்லாய் இருந்த மண் ஒன்றுக்கு மட்டும் கூடாமல் போனதாம். இன்னொரு கன்றில் பங்குனியில் இலைகள் உச்சியில் கொத்தாகக் குத்தென்று நிமிர்ந்து நின்றன. அழுக்கணவன் பூச்சி பரப்பும் நோய். கிழங்கோடு தோண்டி எரித்தேன். அதற்குக் கடையைக் குற்றம் சொல்லமாட்டேன். இழைய வளர்ப்பு என்றால் பெரும்பாலும் நோயில்லாமல் வரும், வந்த பிறகு நோயே வராது என்று அர்த்தமில்லை.

இரண்டாவது குறை பெரியது. "ஒன்பது மாதத்தில குலை வரும்" என்று பையன் சொன்னான். நான் ஆடியில் வெட்டலாம் என்று நினைத்து வியாபாரியிடமும் சொல்லிவிட்டேன். 2023 யூலை நடுவில் ஆச்சி வாழைக்குள் போய்வந்து, "கட்டை இலை விட்டிருக்கு தம்பி, இனிப் பொத்தி வரும்" என்றா. வந்தது. ஒன்பது மாதம், நாள் தவறவில்லை. ஆனால் வந்தது பொத்தி. வெட்டியது ஒக்டோபரில், நட்டுப் பன்னிரண்டாம் மாதம். குலை வரும் என்றதற்கும் குலை வெட்டலாம் என்றதற்கும் இடையில் மூன்று மாதத் தண்ணீர்ச் செலவு இருக்கிறது. பையன் பொய் சொல்லவில்லை, நான்தான் கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் விற்கிறவன் சொல்லத்தான் வேண்டும்.

அந்த மூன்று மாதமும் சோளகக் காற்று. இலை எல்லாம் தும்புத்தடி மாதிரிக் கிழிந்தது. பூவரசங் கவர்த்தடி வெட்டி முட்டுக் கொடுத்தேன், முட்டுக் கொடுக்கப் பஞ்சிப்பட்டு விட்ட நாலு மரம் ஒரே இரவில் குலையோடு சாய்ந்தது. மேற்குப் பக்கம் கிளிசரியா வேலி அடர்த்தியாய் இருந்திருந்தால் நின்றிருக்கும். குரங்குக்கும் ஒரு பங்கு போனது, அதை எழுதினால் இன்னொரு கட்டுரை வேண்டும். பொத்திகளைக் கடைசிச் சீப்புக்குக் கீழே ஒரு சாண் விட்டு முறித்தோம். ஒரு மாதம் வீட்டில் பொத்தி வறைதான். பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தோம், கடைசியில் எங்களைக் கண்டால் படலையைச் சாத்தினார்கள்.

குலை நல்ல குலை. ஒன்பது, பத்துச் சீப்பு, பதினெட்டுக் கிலோ அளவில். எருவும் சாம்பலும் மட்டும் போட்டதற்கு இது போதாதா? சிக்கல் அதற்குப் பிறகுதான். முப்பத்தொரு குலை மூன்று வாரத்துக்குள் முற்றியது. ஒரே வயது, ஒரே உயரம், ஒரே இலைக் கணக்கு, ஒன்றாகத்தானே வரும். பெரிய தோட்டக்காரனுக்கு அது வசதி, ஒரு லொறியில் ஏற்றிவிடுவான். எனக்கு முதல் வாரம் ஒரு விலை, மூன்றாம் வாரம் அதில் பாதி. சின்னம்மா வளவில் இருந்து குட்டி கிளப்பி நட்ட கதலி எட்டு மரம் இருக்கிறது, அது மாதத்துக்கு ஒன்று என்று முறை வைத்துத் தள்ளும். வீட்டில் எப்போதும் ஒரு குலை தொங்கும்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேவண்டிஷ் எங்கள் வெக்கையில் பழுத்தாலும் முழு மஞ்சள் ஆகாது. தோல் பச்சையாகவே இருக்க உள்ளே கனிந்துவிடும். கடைகளில் பார்க்கும் அந்த மஞ்சள், குளிரூட்டிய அறையில் பழுக்க வைப்பதால் வருவது. வளர வெயில் வேண்டும், மஞ்சளாகக் குளிர் வேண்டும். ஹாரோவில் எனக்குக் குளிர் இருந்தது, காய் இல்லை. இங்கே காய் இருக்கிறது, குளிர் இல்லை. தர்மபுரத்தில் கடை வைத்திருக்கும் அண்ணை பழத்தை அமத்திப் பார்த்துவிட்டு, "ருசி நல்லம் தம்பி, ஆனா சனம் காய் எண்டு சொல்லி இதரை வாழைப்பழத்தை எடுக்குதுகள்" என்றார். நாற்றுமேடையில் இதையும் ஒருவரும் சொல்லவில்லை.

மாற்றிக் கொடுத்த அந்த மூன்று கன்றும் பிந்தி நட்டதால் பிந்தியே வந்தது. அதில் ஒன்றைத் தீபாவளிக்கு வெட்டினோம். உண்மையில் அந்த வருடம் நல்ல விலை போனது அவை மூன்றும்தான்.

இரண்டாம் வெட்டு பக்கக் குட்டியில் வந்தது. மரத்துக்கு ஒரு குட்டி மட்டும் விட்டு மற்றதை வெட்டினேன், ஆனால் விட்ட குட்டிகளை வேண்டுமென்றே வேறு வேறு வயதில் தெரிந்தெடுத்தேன். அதனால் நாலு மாதத்துக்குப் பரவி வந்தது. குலை முதலாவதைவிடச் சின்னன், கையில் வந்த காசு கூட.

போன மாதம் அதே நாற்றுமேடைக்குப் போனேன். பையனுக்கு இப்போது மீசை வந்துவிட்டது. இருபது கன்று கேட்டேன், கதலி இருந்தால் அது. கதலி இருந்தது, 250 ரூபா. பத்தை இப்போது தா, மற்றப் பத்தைத் தைக்குப் பிறகு வந்து எடுக்கிறேன் என்றேன்.

"தைக்குப் பிறகு விலை கூடும் ஐயா, எல்லாத்தையும் இப்பவே ஏத்துங்கோ."

கூடினால் கூடட்டும் என்று பத்தோடு வந்துவிட்டேன்.