பின்னமும் தசமமும்: ஒரு பிஎம்எக்ஸ் சைக்கிளோடு இரண்டு வருடம்

போன கிழமை ஓய்வறையில் ஒரு ரீச்சர் ஃபோனை நீட்டினார். "இதுதானே உங்கட மகள் ஓடுறது? பாவிச்சதாம், விலையும் குறைச்சிருக்கிறான். பெடியனுக்கு எடுக்கவா?" படத்தில் இருந்தது வித்தை காட்டுகிற வண்டி. சில்லுகளின் அச்சில் ஏறி நிற்கக் குழாய்கள், தடித்த ரயர், தூக்கினால் இடுப்புப் பிடிக்கும் பாரம். என் மகள் ஓடுகிற, மேடுகள் கட்டிய மண் தடத்தில் பாய்கிற ரேஸ் வண்டி வேறு. இரண்டுக்கும் பிஎம்எக்ஸ் என்ற பெயர்தான் ஒன்று. ஒலிம்பிக்கில்கூட ரேஸ் 2008 இல் பீஜிங்கிலேயே வந்துவிட்டது. வித்தை டோக்கியோவில்தான் சேர்ந்தது. இதையெல்லாம் சொல்லிவிட்டு "உங்கட வண்டி எப்பிடி?" என்ற கேள்விக்கு வாய் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. நல்லதாகப் போயிற்று. அதற்கு முந்தின நாள்தான் எங்கள் வண்டியின் பின்சில்லு ரயரைக் கழற்றிவிட்டு வந்து, ஆத்திரம் அடங்காமல் இருந்தேன்.

வண்டி கனடாவிலிருந்து அக்கா கொண்டுவந்தது. அவளுடைய மகன் வளர்ந்துவிட்டான், என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அலுமினியம் பிறேம், ஒரே கியர், பின்னால் மட்டும் பிறேக். அதிலெல்லாம் குறையில்லை. குறை சில்லில்.

நான் கணிதம் படிப்பிக்கிறவள். ஒன்றே முக்காலும் 1.75 உம் ஒன்றுதான் என்று வருடா வருடம் தரம் 6 பிள்ளைகளுக்குச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ரயர் உலகத்தில் அது பொய். "20 x 1.75" என்று தசமத்தில் எழுதியிருந்தால், ரயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் 406 மில்லிமீற்றர். "20 x 1 3/4" என்று பின்னத்தில் எழுதியிருந்தால் 419. எங்கள் வண்டியில் இருப்பது "20 x 1 3/8", அது 451. மூன்றுக்கும் பெயர் இருபது அங்குலம்! சின்ன உடம்புள்ள ரேஸ் ஓட்டுநர்களுக்காக ஒல்லியான, இலேசான ரயர் போடுவதற்கென்று இந்த 451 ஐ வைத்திருக்கிறார்கள். நல்ல காரணம்தான். ஆனால் திருகோணமலையில் எந்தக் கடையில் கேட்டாலும் கையில் கிடைக்கிற இருபது அங்குலம் 406 தான்.

முதல் ரயர் போத்தல் ஓடு கிழித்துப் போனபோது இது எனக்குத் தெரியாது. எங்கள் ஊர் அனுராதபுரச் சந்திப் பக்கம் வழக்கமாகப் போகிற கடையில் புது ரயரோடு உட்கார்ந்தோம். கடைக்காரர் ஒரு பக்கத்தை ரிம்மில் ஏற்றப் பார்த்தார். பாதிக்கு மேல் வரவில்லை. சவர்க்காரத் தண்ணி பூசினார். இரண்டு ஸ்குரூ டிரைவர் கொடுத்து நெம்பினார். கடைசியில் சில்லை நிலத்தில் வைத்து, ரயரை அதன்மேல் படுக்கப் போட்டார். ரயரின் வாய் ரிம்மின் விளிம்பைவிடச் சுற்றிவர ஒரு விரல் அகலத்துக்கு மேல் உள்ளே நின்றது.

"ரீச்சர், இது இருபது இல்ல."

"இருபது எண்டு எழுதியிருக்கே?"

"எழுதினவன் பிழையா எழுதிப்போட்டான்."

அந்த மனிசன் முப்பது வருடமாகச் சைக்கிள் திருத்துகிறவர். அவரை நான் எப்படித் திருத்துவது? வீட்டுக்கு வந்து பழைய ரயரைத் துடைத்துப் பார்த்தால், பக்கச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் 37-451. முதலாவது அகலம், இரண்டாவது அந்த விட்டம். அதை முன்பே பார்த்திருக்க வேண்டும். பிறகு கொழும்புக் கடை ஒன்று "451 தானே, இருக்கு" என்று காசை வாங்கிக்கொண்டு அனுப்பியதும் 406. திருப்பி எடுக்கமாட்டார்களாம். அது இன்னும் கோடியில் கிடக்கிறது, நடுவில் கற்றாழை நட்டிருக்கிறேன். அக்காவின் பார்சல் வரும்வரை வண்டி ஐந்து கிழமை சுவரில் சாய்ந்து நின்றது. ரியூப் மட்டும் பரவாயில்லை. ரப்பர் என்பதால் 406 ரியூபை இழுத்துப் போட்டுச் சமாளிக்கலாம்.

இவ்வளவு திட்டிய பிறகு மற்றதையும் சொல்ல வேண்டும்.

உவர்மலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவாக ஒரு வெறும் வளவு. உரிமையாளரிடம் கேட்டு, அரை லோட் கிறவல் பறித்து, மூன்று மேடு கட்டினோம். உண்மையான தடம் 300 முதல் 400 மீற்றர் நீளம், எட்டுப் பேர் ஒன்றாகப் பாய்ந்து முக்கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எங்களுடையது நடந்து அளந்தால் எழுபது காலடி, ஓடுகிறவள் ஒருத்தி. ரேஸ் தொடங்கும்போது முன்னால் விழுகிற கேற்றுக்குப் பதிலாக ஒரு பலகையை நான் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் முன்சில்லைப் பலகையில் முட்டக் கொடுத்து, இரண்டு பெடலையும் சமமாக வைத்து, இருக்கையில் படாமல் எழும்பி நிற்பாள். கால் நிலத்தில் இல்லை. ஃபோனில் ரேஸில் ஒலிக்கிற அதே குரல் ஆயத்தம் சொல்லும், பிறகு கொஞ்சம் மௌனம், பிறகுதான் பீப். அந்த மௌனம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நீளம், எண்ணிப் பிடிக்க முடியாது. தொடக்கத்தில் இரண்டு செக்கன்கூட அப்படி நிற்கமாட்டாள், சரிந்து என் தோளில் வந்து விழுவாள். இப்போது முன்சில்லு பலகையை அழுத்துவது என் உள்ளங்கையில் தெரிகிறது. முழங்கை மடிகிறது, மூச்சு நிற்கிறது. நான் பலகையைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தால் இரண்டாம் மேட்டில் நிற்கிறாள். வகுப்பில் பத்து நிமிடம் ஒழுங்காக இருக்கமாட்டாள் என்று முறைப்பாடு வந்த பிள்ளை.

கார்த்திகை மழையில் மேடெல்லாம் கரைந்து வழிந்து போகும், தையில் திரும்பக் கட்டுவோம். உப்புக் காற்றில் பிறேம் அப்படியே இருக்கிறது, செயின்தான் துரு. கிழமைக்கொரு தரம் துடைத்துத் தையல் மெசின் எண்ணெய் விட்டால் போதும். போக்குவரத்துக்கு உதவாது. ஒருநாள் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஓடினாள். இருக்கை அவ்வளவு தாழ்வு, ஏற்றம் முழுக்க நின்றபடி மிதித்து, பாதியில் இறங்கி மான்களுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்திவிட்டாள். முகம் மூடும் ஹெல்மெட்டை மட்டும் புதிதாக வாங்கினோம், பாவித்தது வேண்டாம். முழுக்கைச் சட்டையும் விரல் மூடும் கையுறையும் இல்லாமல் கிறவலில் இறக்க வேண்டாம். என் மகளின் முழங்கையைக் கேட்டால் சொல்லும்.

ஆகவே, ரீச்சர், ரேஸுக்கென்றால் அந்த வித்தை வண்டி வேண்டாம். இந்த ஊரில் இருந்துகொண்டு 451 சில்லு உள்ள எதையும் வாங்காதீர்கள், சும்மா தந்தாலும் வேண்டாம். இதை அடுத்த நாள் இடைவேளையில் அவரிடம் நேரேயே சொன்னேன். "அப்ப உங்கடய எனக்குத் தாங்கோவன், நான் சமாளிக்கிறன்" என்றார். தரமாட்டேன் என்று சொல்ல எனக்கு அரை செக்கன்கூட எடுக்கவில்லை.

மகள் வளர்ந்துகொண்டு வருகிறாள், ஹான்டில் முழங்காலில் தட்டத் தொடங்கிவிட்டது. நேற்றிரவு அக்காவுக்கு வொய்ஸ் போட்டேன்: உன் மகன் இப்போது ஓடுகிற வண்டியை எப்போது விடுவான்? விடுவதற்கு முதல் அதன் ரயரில் எழுதியிருப்பதைக் கிட்டப் பிடித்துப் படமெடுத்து அனுப்பு.