செஃபலூ போகிறவர்கள் மீன் சொல்வதற்கு முன் எடை கேளுங்கள்

இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போகிறவர்கள் தலைநகர் பலெர்மோவோடு செஃபலூ என்கிற கடலோர ஊரையும் சேர்த்துக்கொள்வது வழக்கம். ரயிலில் ஒரு மணி நேரம்தான். ஊரைக் குறை சொல்லவே முடியாது. இரண்டாம் ரோஜர் மன்னர் 1131-இல் கட்டத் தொடங்கிய பேராலயம், உள்ளே பொன்னிறப் பின்னணியில் பெரிய கிறிஸ்து மொசைக், பின்னால் செங்குத்தாக நிற்கும் பாறைமலை, காலடியில் மணல் கடற்கரை. பேராலயம் 2015-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டது. கூட்டம் அம்முகிறது. ஏமாற்றுக்காரர்களுக்கு அது போதாதா?

பேராலயச் சதுக்கத்தை ஒட்டிய சந்தில் ஓர் உணவகம். விலைப்பட்டியலில் 'இன்றைய மீன், 7 யூரோ' என்று இருந்தது. பக்கத்தில் எறும்பு ஊர்ந்தது போல ஒரு சொல்: 'எட்டோ'. 100 கிராமுக்கான விலை அது. இத்தாலியில் முழு மீனை இப்படித்தான் விற்பார்கள், சட்டப்படியும் சரி. என் மனைவிக்கு அது தெரியும் என்பதால், "எத்தனை கிராம் வரும்?" என்று முதலிலேயே கேட்டாள். "இரண்டு பேருக்கு அளவாக இருக்கும்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார் பரிமாறுபவர். மீனைக் கொண்டுவந்து காட்டவுமில்லை, நிறுக்கவுமில்லை. வறுத்துத்தான் வந்தது.

பில் ஒரு துண்டுத்தாளில், கையெழுத்தில். மீன் 1,400 கிராம், 98 யூரோ. 'கோபெர்த்தோ' என்கிற மேசைக் கட்டணம் தலைக்கு 3. தண்ணீர் 4. அதற்கு மேல் பட்டியலில் எங்குமே இல்லாத 10 சதவீத சர்வீஸ். ஆக 118 யூரோ 80 சென்ட். நாங்கள் தின்ற மீன் ஒன்றரைக் கிலோ பக்கம் என்றால் முள்ளெல்லாம் ஈயமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

சண்டை போடவில்லை. "ஸ்கொன்த்ரீனோ கொடுங்கள், அட்டையில் கட்டுகிறேன்" என்று மட்டும் சொன்னேன். வரிக் கணக்கில் ஏறும் இயந்திர ரசீது அது. தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பியபோது மீன் 900 கிராமாக இளைத்திருந்தது, சர்வீஸ் காணோம். 73 யூரோ. "கணக்கில் சின்னப் பிழை" என்றார். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை.

அதனால், சமைக்கும் முன்பே மீனைக் கண்ணால் பார்த்து, எடையையும் மொத்த விலையையும் சொல்லச் சொல்லுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம். பாஸ்தா சாப்பிட்டாலும் வயிறு நிறையும். கோபெர்த்தோ பட்டியலில் அச்சாகியிருந்தால் மட்டும் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அதற்காக வாதாடாதீர்கள்.

கடற்கரையிலும் ஒரு கூத்து. குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு விடும் ஒரு 'லிதோ' ஆள், "இது தனியார் கடற்கரை, நாற்காலி எடுக்காமல் தண்ணீருக்குப் போகக் கூடாது" என்று வழி மறித்தார். சுத்தப் பொய். அங்கே கடற்கரை அரசுச் சொத்து. லிதோக்காரர்களிடம் இருப்பது உரிமம்தான். கடலுக்குப் போக இலவசமாக வழிவிட வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனால் அவர்கள் இடத்திலோ அலையடிக்கும் ஓரத்திலோ துண்டு விரித்துப் படுக்க முடியாது. அதற்குப் பழைய ஊரை ஒட்டிய பொதுக் கடற்கரை இருக்கிறது, பைசா செலவில்லை. ஆகஸ்ட்டில் போனால் காலையிலேயே இடம் பிடித்துவிடுங்கள்.