மலைப்பூண்டும் வாட்ஸ்அப்பும்: பூம்பாறையிலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கொடைக்கானல் மலையில் இருக்கிற பூம்பாறையில், எங்கள் வீட்டில் பூண்டு விற்க போனைப் பயன்படுத்த ஆரம்பித்தது 2018இல். சின்ன வியாபாரிகளுக்கான வாட்ஸ்அப் பிசினஸ் செயலி அந்த வருஷம் ஜனவரியில்தான் வந்திருந்தது. அப்புறம் ஃபேஸ்புக் பக்கம், கூகுள் மேப்பில் இடம், யூடியூப், இன்ஸ்டாகிராம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். கூக்கால், கிளாவரை, மன்னவனூர் பக்கத்துச் சொந்தக்காரர்கள் "நாங்களும் ஆரம்பிக்கலாமா, உருப்படியா ஏதாவது தேறுமா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் முன்பு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எது மாறியது என்று புரியாது. என் மாமனார் காலத்தில் பூண்டு மூட்டை லாரி ஏறி, காமக்காபட்டி இறங்கி, பெரியகுளம் பக்கத்தில் இருக்கிற வடுகபட்டி சந்தைக்குப் போகும். அன்றைய விலை என்ன என்பது அங்கே மூட்டையை இறக்கின பிறகுதான் தெரியும். விலை சரியில்லை என்றாலும் மூட்டையைத் திரும்ப மலையேற்றினால் வாடகை இரண்டு மடங்காகும், அதனால் கொடுத்த விலைக்குப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். இப்போது காலையில் எழுந்ததும் சந்தை விலை போனுக்கு வந்துவிடுகிறது. இன்றைக்கு இறக்கலாமா, இன்னும் பத்து நாள் பரணில் புகையிலேயே வைக்கலாமா என்று வீட்டிலேயே உட்கார்ந்து முடிவு செய்கிறோம். எங்கள் பூண்டைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டுப் புகை ஏற்றி வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும், அதனால் காத்திருக்க முடிகிறவருக்கு இந்தத் தகவல் நேரடியான பணம். ஒரு பல் கூட ஆன்லைனில் விற்காதவருக்கும் கிடைத்த லாபம் இது, என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய லாபம் இதுதான்.

அதற்காக வடுகபட்டியை விட்டுவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கும் எங்கள் விளைச்சலில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. விதைப்பூண்டு வாங்கவும் உரத்துக்கும் அவசரத்துக்கு முன்பணம் கொடுப்பவர் வியாபாரிதான், எந்தச் செயலியும் அதைக் கொடுப்பதில்லை. போன் மூலம் போவது தரம் பிரித்து எடுத்த நல்ல காய் மட்டும். "ஆன்லைனில் போட்டால் இடைத்தரகரே வேண்டாம்" என்று பேசுகிறவர்கள் ஒரு போகமாவது பயிர் வைத்துப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

சரி, வாட்ஸ்அப் பிசினஸ். கேட்டலாக்கில் ஒரு கிலோ, ஐந்து கிலோ என்று படத்தோடு விலை போட்டு வைத்திருக்கிறேன். "பணம் வந்தது", "பார்சல் போனது" என்று ஒவ்வொருவர் பெயர்மேலும் லேபிள் ஒட்டுகிறேன், அது இல்லாமல் சீசன் நேரத்தில் சமாளிக்கவே முடியாது. ஒரே செய்தியைப் பலருக்கு ஒன்றாக அனுப்புகிற பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது, அதிலும் நம் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். இது குறை என்று பலர் சொல்கிறார்கள், எனக்கு அப்படிப் படவில்லை. நம்பரைச் சேமித்து வைக்கிறவர் திரும்ப வாங்கப் போகிறவர். மற்றவர்களுக்கு அனுப்பித்தான் என்ன?

நான் எதிர்பார்க்காமல் கிடைத்த பெரிய விஷயம் குரல் பதிவு. என் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பூண்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது இந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு லேகியம் எப்படிக் கிண்டுவது, தேனில் ஊறப்போட எந்தப் பல்லை எடுப்பது, ஈரமான ஊரில் எப்படி வைத்தால் முளைக்காது என்று மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கேள்வி வரும். அவர் மைக்கை அழுத்திப் பிடித்துப் பேசி அனுப்புவார். "அத்தையிடம் கேட்டுச் சொல்லுங்க அக்கா" என்று பெயர் தெரியாத பெண்கள் கேட்கிறார்கள். ஐம்பது வருஷம் காட்டிலும் அடுப்படியிலும் மட்டுமே இருந்த ஒரு மனுஷியிடம் வெளியூர்க்காரர்கள் யோசனை கேட்கிறார்கள், அவரும் நிதானமாகப் பதில் சொல்கிறார். இதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. எங்கள் வாடிக்கையாளர்கள் நிலைத்து நிற்பதற்கு அந்தக் குரல் ஒரு முக்கியக் காரணம்.

பணம் யூபிஐ வழியாக என் கணக்குக்கு வருகிறது, ஏனென்றால் போனைப் பார்ப்பது நான். இது சின்ன விஷயம் இல்லை. முன்பு வியாபாரி எண்ணிக் கொடுக்கிற நோட்டு ஆண்கள் சட்டைப் பைக்குள் போகும், வீட்டுக்கு எவ்வளவு வந்தது என்று எங்களுக்குத் தெரியாது. ஆரம்பத்தில் வீட்டில் முணுமுணுப்பு இருந்தது, "மருமக கையில வியாபாரமா" என்று ஊரிலும் பேசினார்கள். கணக்கு போன் திரையிலேயே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருந்ததால் அந்தப் பேச்சு தானாகவே அடங்கியது. இப்போது எங்கள் தெருவிலேயே வேறு பெண்களும் பட்டாணி, கேரட், பிளம்ஸ் என்று ஸ்டேட்டஸ் போட்டு விற்கிறார்கள்.

ஆனால் இதே வாட்ஸ்அப் 2018இல் என்ன செய்தது என்பதையும் மறக்கக் கூடாது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற பொய்ச் செய்தி தமிழ்நாடு முழுக்கப் பரவி, அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு வயதான அம்மாவை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி அந்த நிறுவனம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. எங்கள் ஊர் வெளியாட்கள் வந்து போகிற ஊர், அந்த நாட்களில் தெரியாத முகத்தைப் பார்த்தாலே குழுவில் படம் போட்டார்கள். செய்தி எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் அடுத்தவருக்குத் தள்ளுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. 2024இல் பூண்டு விலை ஏறிக் கிடந்தபோது மகாராஷ்டிராவின் அகோலாவில் சிமென்டில் செய்த பூண்டு விற்றார்கள் என்று ஒரு வீடியோ சுற்றியது, உடனே எங்களுக்கு ஃபோன்மேல் ஃபோன். சீனப் பூண்டு இறக்குமதிக்கு 2014இலிருந்தே இந்தியாவில் தடை இருக்கிறது, இருந்தாலும் "இது சீனப் பூண்டுதானே" என்ற கேள்வி வாராவாரம் வரும். பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும், கோபப்பட்டால் ஆளை இழப்போம்.

அடுத்து ரீல்ஸ். டிக்டாக்கை 2020 ஜூன் கடைசியில் தடை செய்தார்கள், ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகுதான் பூம்பாறையின் படிக்கட்டு வயல் எல்லோர் போனிலும் வர ஆரம்பித்தது. கூட்டம் வந்தது. வந்தவர்கள் படம் எடுத்தார்கள், சிலர் பாத்திக்குள்ளேயே இறங்கி நின்று எடுத்தார்கள், முளைத்து வருகிற பயிர் காலடியில் நசுங்கியது. கால் கிலோ பூண்டு வாங்கிக்கொண்டு, பாதிப்பேர் அதுவும் இல்லாமல், அடுத்த வியூபாயிண்டுக்குப் போய்விடுவார்கள். நெரிசல் எந்த அளவுக்குப் போனது என்றால், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்தது. 2025 ஏப்ரலில் இருந்து சீசனுக்குக் கொடைக்கானலுக்குள் வார நாளில் 4000, வார இறுதியில் 6000 சுற்றுலா வண்டிகள் என்று உச்சவரம்பே வைத்தார்கள். லாட்ஜ் நடத்துபவர்களுக்கு அது கசப்பு, தெரியும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போகிற எங்களுக்கு அந்தச் சாலை வேண்டும்.

வீடியோவால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் மலைக்கு அதன் பலம் 2015லேயே தெரியும். இங்கே இருந்த பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது, வேலை பார்த்தவர்கள் உடம்பு கெட்டு வருஷக்கணக்கில் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2015 ஜூலையில் சென்னைப் பெண் ஒருவர் அவர்களுக்காகப் பாடிய ராப் பாடல் யூடியூபில் உலகம் முழுக்கப் போனது, 2016 மார்ச்சில் அந்தத் தொழிற்சாலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்கள் தரப்போடு உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டு மட்டும் இதைச் செய்தது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வருஷக்கணக்கில் போராடி, வழக்கு நடத்தி, ஆவணம் சேர்த்து, ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்த தொழிலாளர்கள் பின்னால் நின்றார்கள், வீடியோ அவர்கள் பக்கம் உலகத்தைத் திருப்பியது. பின்னால் சரக்கு இல்லாத வீடியோ ஒரு வாரம் ஓடும், அவ்வளவுதான்.

போலிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு, அதாவது இந்த மலையில் விளைவதற்கு மட்டுமே அந்தப் பெயர் என்கிற சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது, அதற்கு விண்ணப்பித்தது இங்கே இருக்கிற அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். நல்ல காரியம், நன்றியோடு சொல்கிறேன். பெயருக்கு மதிப்பு கூடியதும், சமவெளியில் கிடைக்கிற மலிவான பூண்டை வாங்கி "ஒரிஜினல் கொடைக்கானல் மலைப்பூண்டு" என்று விற்கிற பக்கங்களும் பெருகின. ஒரு பக்கத்தில் எங்கள் வீட்டுப் பரண் படமே இருந்தது. புகார் கொடுத்து எடுக்க வைப்பதற்குள் சீசன் முடிந்துவிட்டது. போன் வழியாக மணம் போகாது, அதுதான் சிக்கல். நாங்கள் கண்டுபிடித்த வழி, சந்தேகம் கேட்பவருக்கு அப்போதே வீடியோ கால் போட்டு, புகை படிந்த பூண்டுக் கட்டுகளையும் காட்டையும் நேரில் காட்டுவது. நேரம் பிடிக்கும், ஆனாலும் அப்படிப் பார்த்து வாங்கியவர் வேறு எங்கும் போவதில்லை.

கூகுள் மேப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வழி கேட்டு வருகிற ஃபோன் குறைந்தது. ரிவியூவில் சாலை மோசம் என்று எங்களுக்கு ஒரு ஸ்டார் போட்டவர் உண்டு. காசு கொடுத்தால் ஐந்து ஸ்டார் போட்டுத் தருகிறோம் என்று கூப்பிட்டவர்களும் உண்டு, மறுத்துவிட்டோம். பணம் கொடுத்து எழுதும் ரிவியூ வேண்டாம் என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022லேயே ஒரு தரவிதி கொண்டுவந்தது, ஆனால் அதைக் கடைப்பிடிப்பது அவரவர் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள். ஃபேஸ்புக் பக்கத்துக்கு உழைக்க வேண்டாம் என்பது என் கருத்து. 2018 ஜனவரியிலேயே கடைப் பக்கங்களைவிட நண்பர், குடும்பம் போடுவதற்குத்தான் முன்னுரிமை என்று அவர்களே அறிவித்துவிட்டார்கள்.

இன்னொன்று. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மரம் விழுந்து சாலை அடைத்து, கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, நாள்கணக்கில் யாரையும் பிடிக்க முடியவில்லை. 2021 அக்டோபர் 4 ராத்திரி வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் மூன்றும் உலகம் முழுக்க ஆறு மணி நேரம் போல நின்றன. எங்கள் வாடிக்கையாளர் பெயர், முகவரி, நம்பர் எல்லாம் அன்றைக்கும் நோட்டில் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. செயலி எதுவாக இருந்தாலும் இந்த நோட்டைப் போடாமல் ஆரம்பிக்காதீர்கள்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது, வாட்ஸ்அப் பிசினஸ் மட்டும் போதும், வியாபாரத்துக்கென்று தனி சிம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு போகம் ஓட்டிப் பார்த்துவிட்டு யூடியூபில் உங்கள் காட்டை நீங்களே காட்டுங்கள், பயிர் வைப்பதிலிருந்து புகை போடுவது வரை, பேசத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால் அவரையே பேச வையுங்கள். ரீல்ஸ் போட்டால் லொகேஷன் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதை எப்போது அடைபடும் என்று யாருக்கும் தெரியாது, அந்த மாதங்களில் பார்சல் மலையடிவாரத்து வத்தலக்குண்டு போய்ச் சேர்ந்த பிறகே பணம் வாங்குங்கள்.